எதிர் ஊட்டுக்குப் போற மெஷின்

அந்தப் பையை இதுக்கு மேல வெச்சுப்போடாதீங்க. கோவிச்சுக்காதீங்க, மேல கம்பில எடம் இருக்குது பாருங்க. இது பட்டுனு ஒடையற சாமான். இல்லீங்க, கேக்கு இல்லை. பஸ் ஸ்டாண்டுல ஒரு அம்மாவும் அப்படித்தான் கேட்டுச்சு, "பேத்திக்குப் பொறந்த நாளுங்களா"ன்னு. துண்டுல சுத்தி வட்டமா மடில வெச்சிருந்தா யாருக்கும் அப்படித்தான் தோணும்.

மெஷினுங்க இது. ஊடு கூட்டற மெஷின். பட்டனை அமுத்துனாத் தானாச் சுத்திச் சுத்திக் கூட்டும். ஆன்லைன்ல வாங்குனது. இப்ப இதைக் கோயமுத்தூர்ல சர்வீஸ் சென்டருக்கு எடுத்துட்டுப் போறேன். என்ன ரிப்பேருன்னா, இதுக்கு நம்மூடு எதுன்னு மறந்து போச்சுங்க. எங்கூட்டுல கூட்டிப்போட்டு எதிர் ஊட்டுக்குப் போயிருது. இதை எடுத்துட்டு வரப் போன எம் பொண்டாட்டியும் இப்ப அங்கயேதான் இருக்கறா. இதோட ஞாபகத்தை அழிச்சுப் புதுசா ஏத்துனா இது ஊட்டுல நிக்கும். இது நின்னா அவளும் வந்துருவா. அவ்வளவுதான் விசயம்.

சிரிக்காதீங்க. வாய் சிரிக்கலைன்னாலும் கண்ணு சிரிக்குது. நான் பிளஸ் டூவுக்கு பிசிக்ஸ் எடுத்தவனுங்க. நாச்சிமுத்து வாத்தியாருன்னு பெருந்துறைப் பக்கம் கேட்டுப் பாருங்க, எங்கிட்ட ஃபெயிலானவங்கல்லாம் இன்னிக்கு நல்ல நெலமைல இருக்கறாங்க. காரணம் இல்லாம நான் எதையும் நம்ப மாட்டேன். ராகு காலம் பாக்க மாட்டேன். பூனை குறுக்க வந்தாப் பூனைக்கு ஏதோ வேலை இருக்குதுன்னு போயிட்டே இருப்பேன். அதனால நான் சொல்றதை அறிவியல் முறைல கேளுங்க.

எம் பொண்டாட்டி வசந்தாமணி ஒரு நாள் சொன்னா, "குனிஞ்சு கூட்ட முடியலீங்க, இடுப்பு விட்டுப்போகுது"ன்னு. சரி என்ன பண்ணலாங்கறேன்னேன். "நீங்க படுத்த பாயை நீங்களே சுருட்டி வெச்சீங்கன்னா அதுவே போதும்"னா. பாவம், அவ அவ்வளவுதான் கேட்டா. ஆனா நான் அப்படி அரைகொறையா விடறவன் இல்லீங்க. பிரச்சினைன்னு ஒண்ணு வந்தா அதோட வேர் வரைக்கும் போவேன். கூட்டற மெஷினே வாங்கிப்போடறதுன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

உடனே வாங்கிட முடியுங்களா? ரிவ்யூ படிக்கோணும். நான் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டு வாங்குறதுன்னாலும் ரிவ்யூ படிக்காம வாங்க மாட்டேன். அதுலயும் ஒத்தை நட்சத்திரம் குடுத்தவங்க எழுதறதை மட்டும்தான் படிப்பேன். அஞ்சு நட்சத்திரம் குடுக்கறவன் சந்தோசமா இருக்கறவன், அவன்கிட்ட என்ன தகவல் கெடைக்கும் சொல்லுங்க. ஐப்பசில படிக்க ஆரம்பிச்சுப் பங்குனில ஆர்டர் போட்டேன். அது வரைக்கும் ஊட்டை யாரு கூட்டுனதுங்கறீங்களா? அவதான். வேற யாரு?

வந்துச்சுங்க. எங்கூட்டு ஹால் மூலைல அதுக்கு ஒரு ஸ்டாண்டு வெச்சேன். கூட்டி முடிச்சா அதுவே தேடிப் போயி அந்த ஸ்டாண்டுல ஏறி நின்னு சார்ஜ் ஏத்திக்கும். மேஞ்ச மாடு கட்டுத்தறிக்குப் போற மாதிரி. பாக்கவே அருமையா இருக்கும். இதுக்கு என்ன பேர் வெக்கலாம்னு போன் கேட்டுச்சு. நான் யோசிச்சுட்டு இருக்கறதுக்குள்ள வசந்தாமணி அடுப்படில இருந்து சொன்னா, "சின்னவளுன்னு வெய்யுங்க"ன்னு. ஏன் அந்தப் பேருன்னு நான் கேக்கலை. பேருல என்ன இருக்குது, வேலைதான முக்கியம். அப்பறம் யாராவது விருந்தாளி, ஒறம்பரைன்னு வந்தாங்கன்னா அவளே கூட்டிட்டுப் போயிக் காட்டுவா, "இவதானுங்க சின்னவ, இவருக்கு இவ மேலதான் உசுரு"ன்னு. வந்தவங்க சிரிப்பாங்க. சந்தோசமா இருக்கறான்னு நெனச்சுக்குவேன்.

மெஷின்னா சும்மா இல்லீங்க, அதுக்குன்னு ஒரு முறை இருக்குது. அது ஓடறதுக்கு முன்னால தரைல ஒண்ணும் கெடக்கக் கூடாது. நாற்காலியெல்லாம் தூக்கி டேபிள் மேல கவுத்தோணும். பாயைச் சுருட்டோணும். மிதியடி, செருப்பு, போன் ஒயரு, நான் படிச்சுப் போட்ட பேப்பரு எல்லாத்தையும் எடுக்கோணும். ரூமுப் படியை அது ஏறாது, அதனால ஒவ்வொரு ரூமுக்கும் தூக்கிட்டுப் போயி எறக்கி விடோணும். பெரிய குப்பையை எடுக்காது, அதனால அது கூட்டறதுக்கு முன்னால ஒரு தடவை லேசாக் கூட்டி விட்டுரோணும். கூட்டி முடிச்சா பிரஷ்ல முடி சிக்கியிருக்கும், ஊக்குல குத்திக் குத்தி எடுக்கோணும். இதையெல்லாம் வசந்தாமணி அழகாக் கத்துக்கிட்டா. மத்தபடி வேலை பூரா மெஷின்தான்.

நான் என்ன பண்ணுவேனா? நான் சோபால உக்காந்து ரெண்டு காலையும் தூக்கிக்குவேன், அது அடில போகோணும்ல. அதுவும் லேசுப்பட்ட வேலை இல்லீங்க, வயித்துச் சதை இழுக்கும். சோபாவைத் தூக்கிப் புடிச்சாத்தான் முழுசா அடில பூந்து கூட்டும். நான் உக்காந்திருக்கறபோது தூக்க அவளால முடியாது. அதனால அந்த எடம் மட்டும் எப்பவும் கொஞ்சம் பாக்கி நின்னுரும். அது எங்க போகுது எங்க வருதுன்னு போன்ல ஊட்டோட படம் வரும், கோடு கோடா விழும். நான் போன்லயே பாத்துக்குவேன். தரையைப் பாக்க வேண்டிய அவசியமே இல்லை.

முடிச்சதும் போன் கேக்கும், இன்னிக்கு வேலை எப்படி இருந்துச்சுன்னு. நான் அஞ்சு நட்சத்திரம் குடுப்பேன். ஒரு நாள் அப்படியே ஒரு யோசனை வந்துச்சு. மெஷினுக்கு மட்டும் குடுக்கறமே, மனுசங்களுக்கும் குடுத்தா முன்னேறுவாங்கள்லன்னு. அன்னிக்குச் சாம்பாருக்கு மூணு நட்சத்திரம்னு சொன்னேன். சும்மா சொல்லலை, காரணத்தோட சொன்னேன், புளி தூக்கல், முருங்கைக்கா வேகலைன்னு. அவ கோவிச்சுக்கலீங்க. சாம்பார்ச் சட்டியை எடுத்துட்டு உள்ள போயிட்டா. அவ அமைதியான டைப்பு.

எதிர் ஊடு யாருதுன்னு கேக்கலையே நீங்க. என் தம்பி ஊடுங்க. சிகாமணி. துண்டு, லுங்கி வியாபாரம். ஒரே மாடில எதிரெதிரா ரெண்டு ஊடு, பேச்சுவார்த்தை இருந்த காலத்துல சேந்து வாங்குனது. இப்பப் பேசறதில்லை. சொத்துத் தகராறெல்லாம் இல்லீங்க, அதுக்கெல்லாம் அடிச்சுக்கற குடும்பம் இல்லை எங்களுது. அறிவியல் தகராறு. குடும்பக் குரூப்புல அவன் ஒரு செய்தி போட்டான், இன்னிக்குச் செவ்வாய் கெரகத்துல இருந்து ஒரு கதிர் வருது, செல்போனைத் தலைமாட்டுல வெக்காதீங்கன்னு. நான் விடுவனா? கதிர்னா என்ன, அலைநீளம்னா என்ன, செவ்வாய் எவ்வளவு தூரத்துல இருக்குதுன்னு பகுதி பகுதியா எழுதி, படம் போட்டு அனுப்புனேன். கடைசிப் பகுதில அவனுக்கு மார்க்கும் போட்டேன். பூச்சியம். சொந்தக்காரங்க பூராப் பாத்தாங்க. அன்னிக்குச் சாயங்காலம் "சிகாமணி வெளியேறினார்"னு குரூப்புல ஒரு வரி வந்துச்சு. அதோட சரி. ரெண்டு ஊட்டுக் கதவும் சாத்துனது சாத்துனதுதான். வசந்தாமணியும் நானும் இக்கட்ட, அவனும் அவன் சம்சாரம் பூங்கொடியும் அக்கட்ட.

இப்பத்தான் கதைக்கு வாரேன். ஆயுத பூஜை வந்துச்சு. நம்ம பக்கம் தெரியுமில்லீங்க, அன்னிக்கு ஊட்டுல ஓடற சாமான் ஒண்ணுக்கும் விடுதலை இல்லை. கிரைண்டர், மிக்சி, தையல் மெஷின், ஸ்கூட்டரு, அருவாமனை, எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வெச்சுச் சூடம் காட்டோணும். வசந்தாமணி ஒவ்வொண்ணையும் கழுவித் தொடச்சு வரிசையா வெச்சா. எனக்கு அதுல நம்பிக்கை கெடையாது. ஆனா எல்லாத்துக்கும் வெச்சுப்போட்டு மெஷினுக்கு மட்டும் வெக்காம விட்டா நல்லா இருக்குமா? அவ மனசு நோகக் கூடாதுன்னு நானே வெச்சேன். அதுக்கு மூஞ்சி எதுன்னு தேடுனேன். முன்னால கண்ணு மாதிரி ஒரு கண்ணாடி வட்டம் இருந்துச்சு. அதும் மேலயே பெருசா ஒரு சந்தனப் பொட்டு, நடுவுல குங்குமம். லட்சணமா இருந்துச்சுங்க.

அதோட விட்டிருக்கலாம். ஸ்கூட்டரை எலுமிச்சம்பழத்து மேல ஏத்தறோம்ல, அப்ப இதையும் ஏத்தோணும்னு வாசக்கதவுகிட்ட ஒரு பழத்தை வெச்சுப் பட்டனை அமுத்துனேன். கண்ணு தெரியாம அது நேராப் போயிப் பழத்துல முட்டிச்சு. ஒரு சுத்துச் சுத்துச்சு. படையலுக்கு வெச்ச பொரிக்குள்ள பூந்து பொரியை உறிஞ்சிக்கிட்டே வாசலைத் தாண்டுச்சு, வாசல்ல படி கெடையாது, தரையோட தரையாத்தான் இருக்கும். பூஜை அன்னிக்கு எல்லாக் கதவும் தொறந்துதான கெடக்கும். எதிர் ஊட்டுக்கு உள்ள போயிருச்சு.

நான் வாசல்ல நிக்கறேன். அவங்க ஊட்டுல சூடம் காட்டிட்டு இருக்கறாங்க. சிகாமணி தட்டோட நிக்கறான். மெஷின் அவன் காலைச் சுத்தி வருது. நான் எப்படிக் கூப்பிடறது? அவன்கிட்டப் பேசறதில்லை. மெஷினைக் கூப்பிட்டா அதுக்குக் காது இல்லை. அவன் என்னைப் பாக்கறான், நான் அவனைப் பாக்கறேன். அப்பறம் உள்ள திரும்பி, "வசந்தா, போயி எடுத்துட்டு வா"ன்னேன்.

அவ கையைத் தொடச்சுட்டுப் போனா. அந்த ஊட்டு வாசலை அவ மிதிச்சு ரெண்டு வருசம் இருக்கும். போனவ உடனே வரலை. பூங்கொடி சிரிக்கற சத்தம் கேட்டுச்சு. அப்பறம் இவ சிரிக்கற சத்தமும் கேட்டுச்சு. அதை அடையாளம் கண்டுபுடிக்க எனக்குச் சித்த நேரம் ஆச்சுங்க, கேட்டு ரொம்ப நாளாச்சு பாருங்க. பொழுது சாஞ்சுதான் வந்தா, கைல சுண்டல். மெஷின் எங்கன்னேன். "ஆயுத பூஜை அன்னிக்குத் தானா உள்ள வந்த லட்சுமிய வெளிய தாட்டக் கூடாதுன்னு கொழுந்தனார் சொல்லிட்டாருங்க, இன்னிக்கு அங்கயே தங்கட்டும், மக்கா நாள் எடுத்துக்கலாம்"னா. லட்சுமியாமா. பிளாஸ்டிக்கும் பேட்டரியும். செவ்வாய்க் கதிர் விட்டவன் வேற என்ன சொல்லுவான். எனக்கு வந்த கோவத்துல சோபாவை விட்டே எந்திரிக்கலை.

மக்கா நாள் எடுத்துட்டு வந்தா. பொட்டையெல்லாம் தொடச்சு விட்டுப் பட்டனை அமுத்துனேன். நல்லாத்தான் கூட்டுச்சு. முடிச்சதும் என்ன பண்ணுச்சுங்கறீங்க? வாசக்கதவுல போயி முட்டுச்சு. தொறந்து விட்டா, எதிர் ஊட்டுலயும் கதவைத் தொறந்தே வெச்சிருந்தாங்க, விறுவிறுன்னு உள்ள போயிருச்சு. அடுத்த நாளும் அதே. அதுக்கடுத்த நாளும் அதே. இங்க கூட்டிப்போட்டு அங்க போயித் தூங்குது.

நான் ஒக்காந்து யோசிச்சேன். காரணம் இல்லாம எதுவும் நடக்காது. கண்டுபுடிச்சேன். கண்ணு மறைஞ்சிருந்த நேரத்துல எந்த ஊட்டுக்குள்ள போச்சோ அதையே சொந்த ஊடுன்னு மனசுல பதிச்சுக்கிச்சு. முட்டைல இருந்து வெளிய வந்த கோழிக்குஞ்சு மொதல்ல பாத்தவங்க பின்னாலயே போகுமில்லீங்க, அந்தத் தத்துவம். போன்ல வர படத்துலயும் எங்கூட்டுக்கு வெளிய ஒரு துண்டு புதுசா மொளைச்சிருந்துச்சு, அதுக்குள்ள பச்சையா ஒரு மின்னல் குறி மினுக்கு மினுக்குன்னுச்சு. மின்னலு ஏதோ வெளம்பரமா இருக்கும்னு விட்டுட்டேன்.

தினம் வெடியால வசந்தாமணி போயி எடுத்துட்டு வருவா. அது சாயங்காலம் அங்க போகும். இவளும் பின்னாலயே போவா. போனா வாரதுக்கு நேரமாகும். எங்கூட்டுக் கதவுல ஒரு லென்ஸ் வெச்சிருக்குதுங்க, அவங்க கதவு தொறந்திருக்கறபோது அதுல கண்ணை வெச்சா எதிர் ஊடு பூராத் தெரியும், கொஞ்சம் வளைவாத் தெரியும், அது ஒளிவிலகல். ஒரு நாள் பாக்கறேன், அங்க மெஷின் ஓடுது. என் தம்பி, பெரிய மனுசன், கடைல பத்துப் பேர் கைகட்டி நிக்கறவன், லுங்கியை மடிச்சுக் கட்டிட்டு மெஷினுக்கு முன்னால ஓடி ஓடி நாற்காலியைத் தூக்கறான். பாயைச் சுருட்டறான். சோபாவை ஒத்தை ஆளாத் தம் கட்டித் தூக்கிப் புடிக்கறான், மெஷின் அடில போகுது. பூங்கொடியும் வசந்தாமணியும் கட்டில்ல உக்காந்து காலை மேல தூக்கி வெச்சுக் காபி குடிக்கறாங்க. இவ ஏதோ சொல்றா, அவன் மூச்சு வாங்கிட்டே சிரிக்கறான்.

எனக்கு அவனைப் பாத்தா பாவமா இருந்துச்சுங்க. மெஷினை எப்படிப் பயன்படுத்தறதுன்னுகூட அவனுக்குத் தெரியலை.

ஒரு நாள் இவ தலகாணியையும் எடுத்துட்டுப் போனா. எங்க போறேன்னேன். "அது எப்படியும் பொழுதோட அங்கதானுங்க போவுது. வெடிஞ்சா நான் எடுத்துட்டு வரோணும், பொழுது சாஞ்சாப் பின்னால போகோணும். இந்த நடை எனக்கு எதுக்கு, அங்கயே இருந்துக்கறேன்"னா. நீ எதுக்கு அங்க இருக்கோணும்னு கேட்டேன். அப்ப ஒரு பதில் சொன்னா பாருங்க. "அதுக்கு வேணுங்கறதைப் பாத்துக்கறது உன் வேலைன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. அது எங்க இருக்குதோ அங்கதான என் வேலை"ன்னா. அதுல ஒரு தப்பும் கண்டுபுடிக்க முடியலீங்க என்னால. தர்க்கப்படி சரிதான். அதனால விட்டுட்டேன்.

அவ இல்லாததுல பெருசா ஒண்ணும் ஆகலை. சாப்பாட்டை ஆன்லைன்ல போட்டுக்குவேன். சாம்பார் வரும், நாலு நட்சத்திரம் குடுப்பேன். அவளுக்கு மூணுதான் குடுத்திருந்தேன். ஆனா பாருங்க, இந்த நாலு அந்த மூணு மாதிரி இல்லை. ஏன்னு தெரியலை. உக்காந்து சாப்பிடறபோது எதிர்ல யாராவது இருந்தா "புளி தூக்கல்"னு சொல்லலாம். சொல்றதுக்கு ஆள் இல்லை. அது எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சுங்க.

கம்பெனிக்காரன்கிட்டயும் கேட்டேன். போன்ல எழுதுனாப் பதில் வருது, மனுசனா மெஷினான்னு தெரியாது. மெஷின் ஊட்டுக்கு வர மாட்டேங்குதுன்னு எழுதுனேன். அணைச்சுப் போட்டுப் பாருங்கன்னுச்சு. பாத்தாச்சுன்னேன். மனைவியும் வர மாட்டேங்கறான்னு எழுதுனேன், தகவலை முழுசாக் குடுக்கோணும்ல. "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது"ன்னு வந்துச்சு. எதைச் சொல்லுதுன்னு தெரியலை. ஞாபகத்தை அழிக்கோணும்னா நேர்ல கொண்டாங்கன்னு கடைசில இந்தக் கோயமுத்தூர் விலாசத்தைக் குடுத்துச்சு.

சரின்னு நானே போனேனுங்க எதிர் ஊட்டுக்கு. சட்டை மாத்திட்டுப் போனேன். சிகாமணிதான் கதவைத் தொறந்தான். "வாங்கண்ணா"ன்னான். நான் அவனைப் பாக்காம, கதவு நெலையைப் பாத்து, "மெஷினை எடுத்துட்டுப் போக வந்தேன்"னேன். உள்ள போயி எடுத்துத் தொடச்சு, புதுத் துண்டு ஒண்ணு பிரிச்சுச் சுத்தி, ரெண்டு கைலயும் குடுத்தான். இந்தத் துண்டுதான். நல்ல துண்டு. வசந்தாமணி உள்ள மொச்சைக்கா உரிச்சுட்டு இருந்தா. என்னைப் பாத்து, "காபி குடிச்சுட்டுப் போறீங்களா?"ன்னு கேட்டா.

ஒறம்பரைகிட்டக் கேக்கற மாதிரி. போறீங்களான்னு. வேண்டாம்னு வந்துட்டேன்.

மெஷினைக் கொண்டாந்துட்டேன், இனி அவ பின்னாலயே வருவான்னு பாத்தேன். வரலை. சரி, ஓடற சத்தம் கேட்டா வருவான்னு பட்டனை அமுத்துனேன். காத்து வரட்டும்னு வாசக்கதவையும் கொஞ்சம் தொறந்து வெச்சேன். அது செருப்புல முட்டுது. பேப்பரைத் திங்குது. பாயில சிக்கிக் கத்துது. எடுத்து விட்டு எடுத்து விட்டு எனக்கு இடுப்பே விட்டுப்போச்சு. இது என்ன மெஷின், ஒரு ஆளே கூட நிக்கோணும் போலன்னு அன்னிக்குத்தான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு. முந்தியெல்லாம் இப்படி இல்லீங்க, அப்ப அதும்பாட்டுக்கு ஓடும். ரிப்பேர் முத்திப்போச்சு. கடைசில கதவு இடுக்குல முட்டி முட்டி நின்னு அப்படியே உசுரு போச்சு. மூலைல கொண்டுபோயி வெக்கலாம்னு பாத்தா அங்க கூட்டற சீமாறு ஒண்ணு சாத்தி வெச்சிருக்குது. புதுச் சீமாறு. யாரு வெச்சாங்கன்னு தெரியலை. நான் அதைத் தொடலை.

இருங்க, போன் அடிக்குது. அவதான்.

சொல்லு வசந்தா. பஸ்ல. அவிநாசி வரப் போவுது. கோயமுத்தூருக்கு. எதுக்கா, ஞாபகத்தை அழிக்கறதுக்கு. ஆமா, எங்கிட்டத்தான் இருக்குது, உசுரே இல்லை. எது? எங்க? அங்க எப்படி வந்துச்சு? எப்ப? இல்லை, பாக்கலை. பாக்கலைங்கறேன்ல. ம். ம். சீமாறா? ம். அதுக்கு ரெண்டு ஆள் வேணுமே. சரி. சாப்ட்டாச்சு. பொய் இல்லை. சரி, வெய்யி.

சித்த இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன்.

ஸ்டாண்டு அங்க இருக்குதாமுங்க. இது சார்ஜ் ஏத்திக்கற ஸ்டாண்டு. "வெறும் மெஷினைத் தூக்கிட்டுப் போயிட்டீங்களே, அது எப்படிப் பொழைக்கும்"ங்கறா. பூஜை அன்னிக்கே எடுத்துட்டுப் போயிட்டாளாம். மெஷின் அங்க தங்குதே, பட்டினி கெடந்துருமேன்னு வந்து எடுத்தாளாம். நான் சோபாலதான் இருந்தனாமா. என் கண்ணு முன்னால பிளக்கைப் புடுங்கி, ஒயரைச் சுருட்டி, கக்கத்துல வெச்சுட்டுப் போனாளாம். மக்கா நாளே திருப்பி வெச்சுரலாம்னுதான் இருந்தாளாம். "ஸ்டாண்டு எங்கன்னு நீங்க எப்பக் கேக்கறீங்கன்னு பாத்தனுங்க. நீங்க கேக்கவே இல்லை"ங்கறா. அந்த மூலைல சீமாத்தை வெச்சதும் அவதானாம். அதையாவது பாக்கறாரான்னு வெச்சாளாம்.

அப்ப மெஷின் மேல தப்பு இல்லீங்க. அது சரியாத்தான் போயிருக்குது. அதுக்கு எடம் எங்க இருக்குதோ அங்க போயிருக்குது. கோழிக்குஞ்சும் இல்லை, சந்தனமும் இல்லை. அந்த மூலை என் சோபாவுக்கு நேர் எதிர்லதானுங்க. தினம் அதைப் பாத்துட்டுத்தான் உக்காந்திருந்தேன். அங்க என்ன இல்லைன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் போன்லதான பாப்பேன்.

இல்லீங்க, ஒண்ணும் இல்லை. சன்னல் காத்து, கண்ணுல தூசி.

கடைசியா ஒண்ணு சொன்னா. மெஷினை அழிக்க வேண்டாமாம். "அதுக்கு ரெண்டு ஊடும் தெரியும், தெரிஞ்சதை எதுக்கு அழிக்கறீங்க"ங்கறா. எடுத்துட்டு நேரா எதிர் ஊட்டுக்கு வரச் சொல்றா. ஒறம்பரையா வரக் கூடாதாம். உங்க தம்பிக்கு ஒத்தை ஆளா சோபாவைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை புடிச்சுப்போச்சு, அந்தப் பக்கம் புடிக்க ஒரு ஆள் வேணும், வாரதா இருந்தா வாங்கன்னு சொல்றா. வந்து ஒழுங்காத் தூக்குனீங்கன்னா அப்பறம் நான் எங்க இருக்கறதுன்னு பேசிக்கலாங்கறா.

எனக்கு ஒண்ணு மட்டும் புரியலீங்க. இத்தனை வந்துருச்சு, கூட்டறதுக்கு மெஷின், தொவைக்கறதுக்கு மெஷின், பாத்திரம் கழுவறதுக்கு மெஷின். சோபா தூக்கறதுக்கு ஒண்ணு வந்திருக்காதா? இருங்க, தேடிப் பாக்கறேன். சோபா, தூக்க. கார் ஜாக்கி வருது. சோபாவுக்கு உறை வருது. இடுப்பு வலிக்குத் தைலம் வருது, அதுக்கு நல்ல ரிவ்யூ. அடுத்த பக்கம். இல்லீங்க. அப்படி ஒண்ணு இன்னும் யாரும் பண்ணலை போல இருக்குது.

அவிநாசியா இது? கண்டக்டர், நிறுத்தச் சொல்லுங்க, நான் இங்கயே எறங்கிக்கறேன். ஏனுங்க, இங்கிருந்து திரும்பிப் பெருந்துறை போறதுக்கு ஈரோட்டு பஸ் உடனே கெடைக்குமுங்களா? இதைச் சித்தப் புடிங்க, ரெண்டு கைலயும் புடிங்க. நான் எந்திரிச்சுட்டு வாங்கிக்கறேன். சோபா தூக்கற மெஷின் ஒண்ணு வர வரைக்கும் ஒரு பக்கம் என் தம்பி புடிப்பான், ஒரு பக்கம் நான்தான் புடிக்கோணும். கொஞ்சம் காலை ஒதுக்கிக்கோங்க.